படிக்கட்டுப் பாட்டு

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் பனைமரமும் கொலுசுச் சத்தமும் விரித்த தலையும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. இதில் இருப்பது ஒரு கிராமபோன் பெட்டி, ஓர் இங்கிலீஷ் பாட்டு, ஒரு பவுடர் டப்பாவில் கொஞ்சம் முட்கள். அந்த முட்களை என் கையால் எண்ணிப் பார்த்திருக்கிறேன். முப்பத்தாறு. நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துகொள்ளட்டும், எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நடந்த இடம் திருவனந்தபுரம். கரமனையில் ஆற்றுக்குப் போகிற சந்தில் ஒரு மாடி வீடு. வருஷம் 1943. நடந்தது சரசம்மாவுக்கு.

சரசம்மாவுக்கு அப்போது வயது இருபத்தாறு. சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். இங்கே ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் அரளுகிற ரகமே இல்லை. வகுப்புக்குள் புகுந்த பாம்பைக் குடைக்கம்பால் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சப் பாடத்தை நடத்தினவள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவள் பயந்தபோது எப்படிப் பயந்திருப்பாள் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

வீட்டின் மாடியில் இரண்டே அறை. தெருப்பக்கம் முன்னறை, அதற்குப் பின்னால் சமையலறை, நடுவில் கதவுக்குப் பதில் ஒரு திரைச்சீலை. கீழே வீட்டுக்காரி முத்தாரம்மாள் குடியிருந்தாள். நாஞ்சில்நாட்டுக்காரி, விதவை, மகன் நாகர்கோவிலில். மாடிக்கு வர வெளிப்பக்கமாக ஒரு மரப்படிக்கட்டு. மொத்தம் ஒன்பது படி. நடுவில் இருக்கிற ஐந்தாவது படி, மிதித்தால் கிறீச்சென்று ஊரைக் கூப்பிடும். பூனை ஏறினாலும் கத்தும். பால்காரி வந்தாலும் தந்திக்காரன் வந்தாலும் சரசம்மாவுக்குக் கதவு தட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அந்தப் படி ஒரே ஓர் ஆளுக்குத்தான் கத்தாது. அவள் கணவன் சுவாமிதாஸ்.

கல்யாணமான புதிதில் அவன் போனக்காடு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். சனிக்கிழமை தோட்டத்து லாரியில் மலையிறங்கி வீடு வந்து சேர நேரமாகிவிடும். அவள் தூக்கம் கெடக்கூடாதே என்று ஐந்தாவது படியில் கால் வைக்காமல் தாண்டி ஏறுவான். காலையில் அவள் கண் விழித்தால் பக்கத்தில் ஆள் இருக்கும். எப்போது வந்தான் என்றே தெரியாது.

கிராமபோனும் போனக்காட்டில் இருந்து வந்ததுதான். தோட்டத்துத் துரையின் மனைவி, மலையில் மூடுபனியும் மழையுமாய்ப் பேச ஆளில்லாமல் கிடந்தவள், அதைப் போட்டுப் போட்டுத்தான் நாளை ஓட்டினாளாம். சீமைக்குக் கப்பல் ஏறும்போது பெட்டியையும் ஏழு பிளேட்டையும் சுவாமிதாசிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஏழும் இங்கிலீஷ் பாட்டு. ஏழும் தனியாய் இருக்கிறவர்களுக்கென்றே யாரோ உட்கார்ந்து எழுதினது மாதிரி இருக்கும்.

அதில் ஒரு பிளேட்டுத்தான் சரசம்மாவுக்கு உயிர். சிவப்பு லேபிள். கனமான ஆண் குரல், பின்னால் ஒரு பியானோ. 'தாழ்ப்பாள் போடாதே கண்ணே. எந்தப் படி கத்தும் என்று எனக்குத் தெரியும். நீ எழுந்திருக்கவேண்டாம், தூங்கு. காலையில் நான் பக்கத்தில் இருப்பேன்.' பாட்டின் அர்த்தம் அவ்வளவுதான். முதல் தடவை கேட்டபோது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கேயோ சீமையில் இருக்கிறவனுக்கு நம் வீட்டுப் படி எப்படித் தெரிந்தது! அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்கு வீட்டில் பெயர் படிக்கட்டுப் பாட்டு.

கல்யாணமாகிப் பத்து மாதம்தான். 1941 பிப்ரவரியில் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளார்க் வேலை என்று சுவாமிதாஸ் கப்பல் ஏறினான். இரண்டே வருஷம், திரும்பி வந்துவிடுவேன் என்றான். போகிறபோது அவளைப் பெட்டி முன்னால் உட்கார வைத்துப் பாடம் நடத்தினான்.

"இருபத்தாறு சுத்து சாவி குடுக்கணும். கூடினா உள்ள இருக்க சுருள்வில்லு பொட்டும், குறைஞ்சா பாட்டு பாதியில படுத்துரும். ஒரு பாட்டுக்கு ஒரு ஊசி. பழைய ஊசிய மறுபடி போடப்பிடாது. பிளேட்டைத் தின்னுரும், கேட்டியா?"

"ஊசி தீந்தா?"

"நான் கொண்டு வருவேன்லா."

அந்த வருஷக் கடைசியில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கடிதம் நின்றது. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இல்லை.

சரசம்மா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, விளக்கு வைத்து, ஜெபம் பண்ணிவிட்டு, படிக்கட்டுப் பாட்டைப் போடுவாள். மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்துக்காகத்தான் மிச்ச நேரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். நாளுக்கு ஓர் ஊசி வீதம் 1943 தொடக்கத்தில் ஊசி தீர்ந்தது. சாலைக் கம்போளத்துக் கடைவீதி முழுக்க அலைந்தாள். யுத்தகாலத்தில் தையல் ஊசிக்கே பஞ்சம், கிராமபோன் ஊசிக்கு எங்கே போக?

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தாள். டப்பாவில் கிடந்த பழைய ஊசி ஒன்றை எடுத்து மாட்டினாள். ஒரு தடவைதானே என்றுதான் ஆரம்பித்தாள். அது இருபது நாள் ஆயிற்று. பிளேட்டின் கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமானது. எண்ணெய்ச் சட்டி மாதிரி ஒரே இரைச்சல். இரைச்சலுக்குள் எங்கோ தூரத்தில் குரல். ஒருநாள் குரலே கேட்கவில்லை.

தன் கையாலேயே அவனை அழித்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. பிளேட்டை உறையில் போட்டுப் பெட்டியை மூடினாள். டப்பாவில் கிடந்த ஊசிகளை ஆற்றில் கொட்டினாள். அதற்கப்புறம் சாயங்காலம் வந்தால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சமையலறையில் கஞ்சி கொதிக்கிற சத்தம் மட்டும்தான்.

மே மாதம் அவள் அண்ணன் தாசையன் மார்த்தாண்டத்திலிருந்து வந்தார். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். மனைவியை இழந்த ஓர் உபதேசியார் இருக்கிறார், நல்ல மனுஷன், வீடு வாசல் உண்டு என்றார்.

"எனக்க மாப்பிள உயிரோட இருக்காரு அண்ணே."

"அதுக்கு எங்க காயிதம்?"

"செத்ததுக்கு நீங்க ஒரு காயிதம் காட்டுங்க."

"ரெண்டும் இல்லாம எத்தன நாள் இருப்ப பிள்ளே? ஊரு வாய மூட உலைமூடி உண்டா?"

கடைசியில் கிறிஸ்துமஸ் வரை தவணை கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் சுவாமிதாஸ் உயிரோடு இருப்பதாக ஏதாவது தகவல் வரவேண்டும். வராவிட்டால் உபதேசியார்தான். சரசம்மா அன்றிரவு முழங்காலில் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். ஏதாவது அடையாளம் காட்டும் ஆண்டவரே.

1943 ஜூன் 11. வெள்ளிக்கிழமை. இடவப்பாதி மழை, தென்மேற்குப் பருவம் பிடித்துக்கொண்ட நேரம்.

யுத்தத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. அதனால் மாலை ஏழு நாற்பது என்றால் வெளிச்சம் அப்போதுதான் போகும். சரசம்மா வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சமையலறையில் பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவரில் கடிகாரம் ஏழு நாற்பது காட்டியது.

முன்னறையில் ஒரு சத்தம்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

எலி என்று நினைத்தாள். பிறகு அந்தச் சத்தத்தின் தாளம் பிடிபட்டது. யாரோ கிராமபோனுக்குச் சாவி கொடுக்கிறார்கள். அவள் கையில் பயறோடு அப்படியே எண்ணினாள். இருபத்தாறு சுற்று. நின்றது.

பாட்டு வந்தது.

இரைச்சல் இல்லை. கீறல் இல்லை. வாங்கின நாளில் இருந்ததைவிடத் தெளிவாக, கொஞ்சம் மெதுவாக, காதோரம் வந்து பாடுகிற மாதிரி. தாழ்ப்பாள் போடாதே கண்ணே...

திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். பாட்டு சட்டென்று நின்றது. முன்னறையில் யாரும் இல்லை. வாசலில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பெட்டி திறந்திருந்தது. பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி மாட்டுகிற இடத்தில் ஒரு முள் மாட்டியிருந்தது.

நீளமான முள். பழுப்பு நிறம். நுனியைக் கல்லில் உரசி உரசிப் பதமாக்கியிருந்தது.

மறுநாள் காலை கீழே போய் முத்தாரம்மாளிடம் கேட்டாள்.

"நேத்து பாட்டு கேட்டுதா?"

"கேட்டேன்லா மக்களே. ரொம்ப நாளைக்குப் பொறவு போட்டிருக்கியேன்னு சந்தோசமாட்டு இருந்துது."

"நான் போடல்ல."

"பின்ன ஆரு வந்து போட்டா?"

"ஆரும் வரல்ல. அஞ்சாம் படி கத்தவே இல்லியே."

முத்தாரம்மாள் முள்ளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "மூங்கி முள்ளாக்கும். நம்ம ஆத்தங்கரை மூங்கிலுக்கு இத்தன நீளத்துக்கு முள்ளு கெடையாது" என்றாள். அப்புறம் அதைக் கையில் வைத்திருக்கப் பிடிக்காதவள்போலத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமையும் ஏழு நாற்பது. ஞாயிற்றுக்கிழமையும் ஏழு நாற்பது. முன்னறையில் உட்கார்ந்து காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. எழுந்து சமையலறைக்குள் வந்து திரையை இழுத்துவிட்டால், அடுத்த நிமிஷம் கர்ர்... கர்ர்... பாட்டு முடிந்ததும் போய்ப் பார்த்தால் ஒரு புது முள். நாளுக்கு ஒன்று. அவள் அவற்றைப் பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்தாள்.

நீங்களும் நானும் என்றால் முதல் நாளே மூட்டையைக் கட்டியிருப்போம். சரசம்மா சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். ஊசி கொண்டு வருவேன் என்றவன் எப்படியோ அனுப்புகிறான், கர்த்தருக்குக் கூடாதது ஒன்றுமில்லை, அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன காயிதம் வேண்டும் என்று நினைத்தாள். அண்ணனுக்கு எழுதிப் போட்டாள். 'அடையாளம் கிடைத்துவிட்டது. உபதேசியாரை வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.'

சாயங்காலம் ஏழரைக்கு முகம் கழுவித் தலைவாரிக்கொள்வாள். சலவை செய்த சேலை உடுத்திக்கொள்வாள். சமையலறை முக்காலியில் திரைக்கு இப்புறம் உட்கார்ந்து கேட்பாள். இரண்டு வருஷத்துத் தனிமை அந்த மூன்று நிமிஷத்தில் எங்கே போகுமோ தெரியாது என்று சொல்வாள்.

ஜூன் முடிந்தது. ஜூலையில்தான் சின்னச் சின்னதாகச் சிலது சரியில்லாமல் போயிற்று.

ஜூலை 3. சாவி இருபத்தாறு சுற்று இல்லை. இருபத்திரண்டுதான்.

ஜூலை 6. முள் ஈரமாக இருந்தது. அடியில் களிமண். கரமனை மண் செம்மண். இது கறுப்பு.

ஜூலை 9. பதினேழு சுற்று. சுற்றுக்குச் சுற்று நடுவில் இடைவெளி. கை ஓய்ந்துபோனவன் நிறுத்தி நிறுத்திச் சுற்றுகிற மாதிரி.

ஜூலை 12. பன்னிரண்டு சுற்று. பாட்டு பாதியில் தொய்ந்தது. குரல் கனத்து, இழுத்து, தரைக்குள் இறங்குவதுபோல் போய் நின்றது. நின்ற பிறகு ஒரு சத்தம் கேட்டது. அது பிளேட்டின் சத்தம் இல்லை. மூச்சு.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது. அனுப்புகிறான் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ *நிற்கிறார்கள்* என்று அன்றுவரை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஜூலை 15. ஏழு சுற்று. முன்னறைத் தரையில் ஈரம். மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டாள். கூரை ஒழுகவில்லை.

ஜூலை 16. வெள்ளிக்கிழமை.

அன்று மழை இல்லை. அதுதான் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தில் ஒரு சத்தமும் இல்லை. முத்தாரம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் சரசம்மா மட்டும்தான்.

ஏழு முப்பத்தொன்பது. முக்காலியில் உட்கார்ந்தாள். திரையை இழுத்துவிட்டாள்.

ஏழு நாற்பது.

கர்ர்...

நீண்ட இடைவெளி.

கர்ர்...

கர்ர்...

அவ்வளவுதான். மூன்று சுற்று.

பாட்டு தொடங்கியது. தொடங்கும்போதே தொய்ந்தது. 'எந்தப் படி கத்தும் என்று...' குரல் இழுத்தது. இழுத்து இழுத்து ஒரு முனகலாகி... நின்றது.

அமைதி.

அவள் காத்திருந்தாள். ஏழு நாற்பத்தொன்று.

சதக்.

ஈரத் தரையில் கால் வைக்கிற சத்தம்.

சதக்... சதக்...

வாசல் பக்கம் போகவில்லை. இந்தப் பக்கம் வந்தது.

ஒரு வாடை வந்தது. அழுகின இலையும் சேறும் காய்ச்சல்காரனின் வியர்வையும் கலந்த வாடை.

சதக்.

திரைக்கு மறுபுறம் நின்றது.

திரையின் அடிவிளிம்பு நனைந்தது. ஈரம் மெல்ல மேலே ஏறியது... ஒரு சாண்... இரண்டு சாண்...

துணி இந்தப் பக்கமாகக் கொஞ்சம் புடைத்தது. அந்தப் பக்கம் யாரோ நெற்றியைச் சாய்த்துக்கொண்ட மாதிரி.

கைக்கெட்டும் தூரம்.

அவள் வாய் தானாகத் திறந்தது.

"வேண்டாம்... இஞ்ச வராதீங்க."

மூச்சு நின்றது.

துணி பின்னால் போனது.

சதக்... சதக்... வாசலைத் தாண்டி, மரப்படியில் இறங்கியது. தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஒரு நிறுத்தம்.

பிறகு நான்கு.

எட்டுச் சத்தம்தான்.

ஐந்தாவது படி கத்தவில்லை.

படி கத்தாமல் இறங்கத் தெரிந்தவன் ஒரே ஆள். இத்தனை நாளும் படி கத்தவில்லை, அதனால் யாரும் வரவில்லை என்று நினைத்தாளே! சரசம்மா திரையைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். கதவில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. திறந்து பார்த்தாள். சந்து வெறுமையாகக் கிடந்தது. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வழக்கமுள்ள பெண், படிக்கட்டில் நின்று "சுவாமிதாஸ்... சுவாமிதாஸ்..." என்று கூப்பிட்டதைக் கோயிலிலிருந்து திரும்பி வந்த முத்தாரம்மாள் தெருமுனையிலேயே கேட்டிருக்கிறாள்.

மறுநாள் ஏழு நாற்பதுக்குக் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அதற்கப்புறம் இல்லவே இல்லை.

அன்றுதான் அவன் செத்திருப்பான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். உயிர் போகிற நேரத்தில் தேடி வந்தவனைத் திரைக்கு வெளியே நிறுத்தி வராதே என்று சொல்லிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்த அண்ணனிடம் காரணம் சொல்லாமல் மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். பேச்சுவார்த்தை அறுந்தது. பள்ளிக்கூடம், வீடு, கஞ்சி. இரண்டரை வருஷம்.

1946 ஜனவரி கடைசியில் ஒரு பிற்பகல் ஐந்தாவது படி கத்தியது. வாசலில் ஒருவன் நின்றான். தோலும் எலும்புமாக இருந்தான். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி நேரே நடந்தே வந்திருந்தான். பெயர் ராஜையன், ஊர் குழித்துறை. மலேயாத் தோட்டத்தில் சுவாமிதாசுக்குக் கீழே வேலை பார்த்தவன்.

"மைனி... அண்ணன் போயிட்டாரு."

"தெரியும்" என்றாள் சரசம்மா. "ஜூலை பதினாறு."

ராஜையன் தலையை ஆட்டினான். "இல்ல மைனி. அதுக்கு முந்தியாக்கும். ஜூன் பத்து. வியாழக்கிழமை. குழி வெட்டினதே நானாக்கும்."

 அவன் தொடர்ந்தான். ஜப்பான்காரன் தோட்டத்தில் இருந்தவர்களை எல்லாம் பிடித்துச் சயாம் காட்டுக்கு ரயில்பாதை போடக் கொண்டு போனதைச் சொன்னான். மழை, சேறு, காய்ச்சல், நாற்பது நாள் படுக்கை என்று சொன்னான்.

"படுத்த பொறவும் அண்ணன் சும்மா இருக்கல்ல. மூங்கி முள்ள வெட்டித் தரச் சொல்லுவாரு. கல்லுல உரசிக்கிட்டே கெடப்பாரு. ஒரு நாளைக்கு ஒண்ணு. என்னத்துக்கு அண்ணேன்னு கேட்டா, அவளுக்கு ஊசி தீந்துருக்கும்லே, முள்ளு போட்டாலும் பாடும், பிளேட்டுக்கும் கேடில்லன்னு சொல்லுவாரு. உரசும்போ ஒரு இங்கிலீஸ் பாட்டு. தெனமும் ராத்திரி பத்து பத்துக்கு, விளக்க அணைக்கதுக்கு முன்ன."

"பத்து பத்தா?"

"அங்க ஜப்பான் நேரமாக்கும் மைனி. அப்பம் நம்ம கணக்குக்கு ரெண்டரை மணி கொறையும். ஏழு நாப்பது."

சரசம்மா சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த முள்ளெல்லாம் எங்க?"

"ஒரு சிகரெட்டு டப்பியில சேத்து வச்சிருந்தாரு. உங்ககிட்ட குடுக்கணும்னுதான் நெனச்சேன். ஆனா செத்த பொறவும் அண்ணன் கையில இருந்து அத எடுக்க முடியல்ல. அப்படியே சேத்து மூடிட்டோம். மன்னிச்சிருங்க மைனி."

"எத்தன முள்ளு?"

"அண்ணன் தெனம் எண்ணுவாரு. கடைசி நாள் நானும் கூட இருந்து எண்ணினேன். முப்பத்தேழு."

அவள் உள்ளே போய்ப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தாள். பாயில் கொட்டினாள். ராஜையன் அவற்றைப் பார்த்தான். ஒன்றை எடுத்து நுனியைத் தடவினான். கையை உதறிக்கொண்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டான். சரசம்மா ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்தாறு.

கொண்டுவரவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதைத்தான் அவள் வராதே என்று சொல்லிவிட்டாள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். போன வருஷம் முத்தாரம்மாள் நாகர்கோவிலுக்கு மகன் வீட்டோடு போய்விட்டாள். கீழ்ப்பகுதிக்கு நான் குடிவந்தேன். சரசம்மா டீச்சர் இப்போதும் மாடியில்தான் இருக்கிறார். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் திரை கிடையாது. வாசலுக்குத் தாழ்ப்பாள் போடுவதும் கிடையாது. யுத்தம் முடிந்து கடிகாரத்தைப் பழையபடி மாற்றிவிட்டார்கள் அல்லவா, அதனால் இப்போது மாலை ஆறு நாற்பதுக்கு மேலேயிருந்து அந்தச் சத்தம் வரும். கர்ர்... கர்ர்... இருபத்தாறு சுற்று. அவர்தான் சுற்றுகிறார். கையில் தெம்பில்லாதவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்பார். ஊசியும் மாட்டமாட்டார், முள்ளும் மாட்டமாட்டார். அந்தக் கடைசி முள்ளுக்காக பிளேட் சும்மா சுற்றி நிற்கும்.

இதையெல்லாம் அவராக எனக்குச் சொல்லவில்லை. நான் செய்த ஒரு காரியத்தால் சொல்ல நேர்ந்தது.

குடிவந்த புதிதில் ஒருநாள், தபால்காரன் அவருடைய கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். சாயங்காலம் அதைக் கொடுக்க மாடி ஏறினேன். மேலே கிராமபோன் சாவி கொடுக்கிற சத்தம் கேட்டது. பாட்டுக் கேட்கிறவரை ஏன் தொந்தரவு செய்யவேண்டும் என்று, கத்துகிற அந்த ஐந்தாவது படியில் கால் வைக்காமல் தாண்டி ஏறினேன். மரியாதைக்காகச் செய்தது, வேறொன்றும் தெரியாது.

கதவைத் தொடப்போனேன்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. அப்புறம் டீச்சரின் குரல். வகுப்பில் பேசுகிற குரல் இல்லை. சின்னப் பெண்ணின் குரல்.

"வாங்க... இப்பம் எனக்குப் பயம் இல்ல."

நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்த பிறகுதான் டீச்சர் இந்தக் கதை முழுவதையும் சொன்னார். அன்றிலிருந்து மாடிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஐந்தாவது படியை ஓங்கி மிதித்துத்தான் ஏறுகிறேன்.